பூட்டிய ஸ்கேன் அறையும் ஒரு ஊசியும்

சனிக்கிழமை காலையில் பிறந்த குழந்தை அது. நிறைமாதம்தான். ஆனால் ஒவ்வொரு மூச்சுக்கும் முனகியது. விலாப்பக்கம் உள்ளே இழுத்தது. நுரையீரலில் நீர் தங்கியிருந்தால் ஆக்சிஜன் வைத்துக் காத்திருந்தால் போதும், தானாக வடிந்துவிடும். நுரையீரல் கசிந்து அதைச் சுற்றி நெஞ்சுக்குள் காற்று சேர்ந்திருந்தால் உடனே ஊசி குத்தி எடுக்க வேண்டும். இரண்டில் எது என்று படுக்கையருகிலேயே ஸ்கேன் வைத்துப் பார்த்தால் ஒரு நிமிடத்தில் தெரிந்துவிடும். அதற்காகவே குழந்தை மருத்துவரான நான் தனியாகப் பயிற்சி எடுத்து வந்திருந்தேன்.

மெஷின் எங்கள் வார்டிலிருந்து நாற்பதடி தூரத்தில், பூட்டிய அறைக்குள் கிடந்தது. கருவில் இருப்பது ஆணா பெண்ணா என்று யாரும் பார்த்துச் சொல்லிவிடக் கூடாது என்பதற்காக, பதிவு செய்த அறையை விட்டு அது நகரக் கூடாது. எங்கள் பக்கத்துக்கு அந்தச் சட்டம் ஏன் தேவைப்பட்டது என்று எனக்கு நன்றாகவே தெரியும். ஆனால் பிறந்துவிட்ட பிள்ளையிடம் அதில் என்ன ரகசியம் இருக்கிறது? எங்கள் வார்டுக்கும் சேர்த்து அனுமதி வாங்கித் தரச் சொல்லி மேலிடத்துக்கு மூன்று முறை எழுதினேன். மூன்று முறையும் ‘பார்க்கலாம்’தான்.

அறைப் பொறுப்பாளருக்கு போன் செய்தேன்.

“குச்சனூர் கோயில் வரிசையில நிக்கிறேன் மேடம். சாவி எங்கிட்டதான் இருக்கு. நான் வந்தாலும் மெஷின அங்கன தள்ளிட்டு வர முடியாது. தெரிஞ்சா சீல் வச்சிருவாக.”

போனை வைத்தேன்.

எக்ஸ்ரே எடுப்பவருக்கு ஆள் அனுப்பினோம். அவர் வருவதற்குள் குழந்தை நீலம் பாரித்தது. விளக்கை அணைக்கச் சொல்லி, நெஞ்சில் டார்ச்சை வைத்துப் பார்த்தேன்; காற்று சேர்ந்த பக்கம் கூடுதலாக ஒளிரும். வலப்பக்கம் கொஞ்சம் கூடுதலாக ஒளிர்ந்தது போலிருந்தது. போலிருந்தது, அவ்வளவுதான். அங்கேயே குத்தினேன். சிரிஞ்சில் காற்று வந்தது. கொஞ்ச நேரத்தில் குழந்தையின் உதட்டில் நிறம் திரும்பியது.

வெளியே காத்திருந்த தகப்பன் கம்பம் பக்கத்துத் திராட்சை விவசாயி. பிள்ளை பிழைத்துவிட்டது என்றதும் கையெடுத்துக் கும்பிட்டார்.

“எம் மகளக் காப்பாத்திட்டீக ஆத்தா. ராசியான கை உங்களுக்கு.”

குருட்டாம்போக்கில் குத்தினேன், தப்பியிருந்தால் நல்ல நுரையீரலில் ஓட்டை போட்டிருப்பேன் என்று அவரிடம் எப்படிச் சொல்வது? உள்ளே போய்ப் பார்க்கச் சொன்னேன். அவர் சொன்னது சரிதான், வெறும் ராசிதான். அதைத்தான் என்னால் பொறுக்க முடியவில்லை.