நூறு லீற்றர் பையும் நாலு பின்னங்காலும்

முதலில் என் முட்டாள்தனத்தை நானே சொல்லிவிடுகிறேன். புலம்பெயர்ந்து வந்த நாட்டில், பென்ரோஸ் என்ற இடத்தில் ஒரு களஞ்சியத்தில் பதினெட்டு வருடமாகக் கொன்டெய்னருக்குள் சாமான் அடுக்குவது என் தொழில். அப்படிப்பட்ட நான், வேட்டை இறைச்சி சுமக்க முதுகில் போடுகிற ஒரு பையை அடுக்கத் தெரியாமல் குடும்ப விருந்தொன்றில் மண்ணைப் போட்டேன். இதை வேறு யாராவது உங்களுக்குச் சொன்னால் இன்னும் கேவலமாகச் சொல்வார்கள். அதற்குள் முந்திக்கொண்டேன்.

வேட்டைக்காரன் நான் இல்லை. என் மனைவியின் தங்கை, அதாவது என் மச்சாள்தான். ஆஸ்பத்திரியில் தாதி. ஐந்தடி உயரம். கூட வேலை செய்கிறவர்களோடு பழகி, பரீட்சை எழுதி, லைசென்ஸ் எடுத்து, ஒரு வேட்டைத் துவக்கும் வாங்கிவிட்டாள். துவக்கு என்ற சொல்லைக் கேட்டாலே யன்னலைச் சாத்துகிற குடும்பம் எங்களுடையது. மாமி, அவளுடைய தாய், ஆறு மாதம் அவளோடு முகம் கொடுத்துக் கதைக்கவில்லை. கடைசியில் என் இளைய மகள் மாதா கோயிலில் முதன்முதலாக நற்கருணை வாங்குகிற முதல் நன்மை விருந்து வந்தது. மச்சாள்தான் அவளுக்கு ஞானத்தாய். "என்ரை கையாலை சுட்ட ஆட்டிலை நான் கறி வைக்கிறன். அம்மா ஒரு வாய் திண்டு பாக்கட்டும்" என்றாள். மாமி மாட்டேன் என்று சொல்லவில்லை. "கொண்டு வரட்டும், பாப்பம்" என்றா. அந்தப் 'பாப்பம்' என்ற ஒரு சொல்லுக்காகவே மச்சாள் மலை ஏறத் தயாரானாள்.

தெற்கே மலையடிவாரத்தில் ஒரு பண்ணைக்காரர், காட்டாடுகள் புல்லையெல்லாம் மேய்ந்து தீர்க்கின்றன, சுட்டுக்கொண்டு போங்கள் என்று அனுமதி கொடுத்திருந்தார். ஆட்டைச் சுடுவது லேசாம். அதைச் சுமந்து இறக்குவதுதான் பாடு. அதற்கு ஒரு ஆண்பிள்ளை தேவைப்பட்டது. குடும்பத்தில் மிஞ்சியிருந்தது நான்.

பை வாங்க மனுகாவ் மோலுக்கு இருவரும் போனோம். மச்சாள் தன்னுடைய பையையும் மாதிரிக்குக் கொண்டுவந்திருந்தாள். முதுகுப் பக்கம் அலுமினியச் சட்டம், இடுப்பில் அகலமான பட்டி. சட்டத்துக்கும் பைக்கும் நடுவில் ஒரு இடைவெளி. இறைச்சியை அந்த இடைவெளிக்குள் முதுகோடு ஒட்டிக் கட்டவேண்டுமாம்.

"அத்தான், பாரம் தோளிலை இல்லை, இடுப்பிலை இறங்கோணும். சட்டமில்லாத பை வேண்டாம்."

"எத்தினை லீற்றர்?"

"லீற்றரை விடுங்கோ. முதலிலை போட்டுப் பாருங்கோ."

நான் லீற்றரை விடுகிற ஆளா? கன அளவுதான் என் பிழைப்பு. மூலையில் ஒரு நூறு லீற்றர் பை மலிவு விற்பனையில் தொங்கியது. சட்டமும் இல்லை, இடுப்புப் பட்டி என்ற பெயரில் ஒரு நாடா. ஆனால் உள்ளே ஒரு சின்னப் பிள்ளையை நிறுத்தலாம். "பதினெட்டு வருசமாய் அடுக்கிறவனுக்கு நீ படிப்பிக்கிறாய்" என்று சொல்லி அதையே வாங்கினேன். மச்சாள், தாதிமார் சொல்வழி கேளாத நோயாளியைப் பார்க்கிற மாதிரிப் பார்த்தாள்.

வீட்டுக்கு வந்து, இருபது கிலோ அரிசிப் பையை உள்ளே போட்டுக்கொண்டு மவுண்ட் ரோஸ்கில் தெருவில் ஒத்திகை நடந்தேன். பை தொய்ந்து பிட்டத்தில் வந்து இருந்தது. கோயிலில் பழக்கமான ஒருவர் காரை நிறுத்திக் கண்ணாடியை இறக்கினார்.

"என்ன அண்ணை, மனிசி வீட்டை விட்டுக் கலைச்சுப்போட்டாவோ?"

"இல்லை, வேட்டைக்குப் பழகுறன்."

"அரிசியையோ சுடப்போறியள்?"

தெரு சமதளம். அதனால் பெரிதாக ஒன்றும் நடக்கவில்லை. ஒத்திகை வெற்றி என்று வீட்டில் அறிவித்தேன்.

சனிக்கிழமை விடியப் போனோம். மலை ஏறி ஒரு மணித்தியாலத்தில் மச்சாள் இரண்டு மறியாடுகளை, அதாவது பெட்டை ஆடுகளை, சுட்டாள். இரண்டு வெடி, இரண்டு ஆடு. அதுவரை அவளை நான் ஒரு பகிடியாகவே நினைத்திருந்தேன் என்பது அப்போதுதான் எனக்கே தெரிந்தது. தோலுரித்து, கால்களைக் கழற்றி, முதுகிறைச்சியை நீளமாக வழித்து எடுத்து, எல்லாவற்றையும் இருபது நிமிடத்தில் முடித்தாள். வேலை முடிந்த பிறகு ஒரு கல்லில் குந்தியிருந்து கொஞ்ச நேரம் கையைப் பார்த்தாள். "அம்மா சாப்பிடுவா என்ன?" என்று கேட்டாள். "சட்டியையே வழிச்சு நக்குவா" என்றேன்.

நாலு பின்னங்காலும் முதுகிறைச்சியும் எனக்கு. பாரம் கூடிய பங்கு வேண்டும் என்று நானே அடம்பிடித்தேன். அவளுக்கு முன்னங்கால்கள், கழுத்து, ஈரல், அதோடு துவக்கு. வெள்ளைப் பருத்தித் தலையணை உறைகள் ஆறு கொண்டுவந்திருந்தாள். மூன்றை எனக்குத் தந்தாள்.

"இதுக்குள்ளை போட்டு, அந்த மரத்திலை காத்துப்பட அரை மணித்தியாலம் தூக்கிவிடுங்கோ. சூடு போனாப் பிறகுதான் பையிலை வைக்கோணும். நான் தண்ணியிலை கை கழுவிப்போட்டு வாறன்."

அவள் ஓடைக்கு இறங்கினாள். நான் என் ரகசிய ஆயுதத்தை வெளியில் எடுத்தேன். களஞ்சியத்தில் பலகைத் தட்டில் அடுக்கிய பெட்டிகளை இறுக்கிச் சுற்றுகிறோமே, அந்தப் பிளாஸ்டிக் தாள், ஒரு முழு உருளை. கடல் கடந்து வருகிற சாமானுக்கே அது போதுமென்றால் ஒரு ஆட்டுக்காலுக்குப் போதாதா? ஈ போகாது, இரத்தம் கசியாது. ஒவ்வொரு காலுக்கும் எட்டுச் சுற்று. கடைசிச் சுற்றை இழுத்து முறுக்கி, வேலையிடத்தில் செய்கிற மாதிரியே தட்டியும் பார்த்தேன். கண்ணாடி மாதிரி மினுங்கியது.

பிறகு அடுக்கினேன். பாரமானது அடியில், தடித்த பக்கமும் மெல்லிய பக்கமும் மாறிமாறி. அதன் மேல் முதுகிறைச்சி, தண்ணீர்ப் போத்தல், மழைக்கோட்டு, புட்டுப் பெட்டி. கொன்டெய்னருக்குள் வெற்றிடம் விட்டால் சாமான் ஆடும் என்பது எங்கள் தொழிலின் முதல் பாடம். அதனால் மிச்ச இடுக்குகளில் அந்த மூன்று தலையணை உறைகளையும் சுருட்டிச் செருகினேன். பிளாஸ்டிக்கின் மிச்சத்தை மழைக்கோட்டுக்குள் ஒளித்தேன்.

மச்சாள் வந்தாள். "உறையிலை போட்டனீங்களோ?"

"உறை எல்லாம் உள்ளைதான் இருக்கு."

ஒரு சொல்லும் பொய்யில்லை.

தன்னுடையதை அவள் அரை மணித்தியாலம் மரத்தில் ஆறவிட்டாள். அவ்வளவு நேரமும் நான் பையில் சாய்ந்திருந்து புட்டுச் சாப்பிட்டேன். புறப்படும்போதுதான் முதல் அதிர்ச்சி. பட்டியை மாட்டி எழும்பினேன். எழும்பினது கால் மட்டும், உடம்பு பின்னால் போனது. அண்ணாந்து விழுந்து, கவிழ்த்த ஆமை மாதிரி நாலு பக்கமும் கையைக் காலை அடித்தேன். மச்சாள் துவக்கைக் கவனமாக ஒரு பக்கம் வைத்துவிட்டு, வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள்.

"பாரத்தை அடியிலையோ வைச்சனீங்கள்? மேலை, முதுகோடை ஒட்டி வைக்கோணும் அத்தான். அடியிலை வைச்சால் பின்னுக்கு இழுக்கும். கழட்டுங்கோ, திருப்பி அடுக்குவம்."

கழற்றினால் பிளாஸ்டிக் தெரிந்துவிடும். "வேண்டாம், வேண்டாம். நான் குனிஞ்சு நடக்கிறன்" என்றேன். குனிந்தே நடந்தேன். என் சப்பாத்தைத் தவிர வேறொன்றையும் காணாமல் மலை இறங்கினேன். இன்னும் இரண்டு தரம் விழுந்தேன். ஒரு தரம் மாட்டுச் சாணத்தில்.

ஆனால் நாரியில், முதுகின் அடியில், மட்டும் ஒரு இதமான வெப்பம். ஒத்தடம் பிடித்த மாதிரி. அதையும் பகிடியாக்கினேன்.

"நாரி நோவுக்கு நல்ல பை. ஒத்தடமும் இலவசம்."

முன்னால் போனவள் நின்று திரும்பினாள். "சூடாவோ இருக்கு? ஏன் சூடாய் இருக்கு?"

அந்த இடத்தில் உண்மையைச் சொல்லியிருக்கலாம். பிரித்து, காற்றில் தொங்கவிட்டு, எல்லாவற்றையும் காப்பாற்றியிருக்கலாம். நான் சொன்னது இதுதான்: "என்ரை உடம்புச் சூடு. இளமை போகேல்லை."

அவள் சிரித்துவிட்டு நடந்தாள்.

வழியில் அவளை வீட்டில் இறக்கும்போது கார் யன்னலுக்குள் தலையை விட்டுச் சொன்னாள்: "என்ரை பிறிஜ்ஜிலை இடமில்லை, போன உடனை உங்கடை பிறிஜ்ஜிலை வையுங்கோ. மறந்துபோடாதேங்கோ." மறக்கவில்லை. நாரியை ஐந்து நிமிடம் நிலத்தில் நிமிர்த்திவிட்டு எடுத்து வைப்போம் என்று படுத்தேன். கார் வெயிலில் நின்றது. பின்னேரம் மனைவி வந்து உலுப்பினாள்.

"இஞ்சாருங்கோ, காருக்குள்ளை என்ன செத்துக் கிடக்குது?"

"ஆடு" என்றேன். பகிடி என்று நினைத்தேன். எழும்பிப் போய்க் காரின் பின்கதவைத் திறந்தேன்.

பிளாஸ்டிக் உப்பியிருந்தது. கத்தியால் கீறியதும் ஒரு மூச்சு விட்ட மாதிரிச் சத்தம். அந்த மணத்தை எழுத எனக்குத் தைரியமில்லை. எலும்பைச் சுற்றி இறைச்சி பச்சை நிறத்தில் இருந்தது. நாலு காலும் அப்படித்தான். முதுகிறைச்சியும் அவற்றின் மேலே கிடந்து வெந்து போயிருந்தது. மனைவி இரண்டடி பின்னால் போய், சேலைத் தலைப்பால் மூக்கைப் பொத்திக்கொண்டு, "அவளுக்கு நீங்களே சொல்லுங்கோ" என்றாள்.

சொன்னேன். மச்சாள் வந்தாள். பார்த்தாள். காலை அல்ல, பிளாஸ்டிக்கை இரண்டு விரலால் தூக்கிப் பார்த்தாள்.

"எத்தினை சுத்து?"

"எட்டு."

கேட்டது அவ்வளவுதான். திட்டுவாள் என்று நான் காத்திருந்தேன். திட்டினால் அதற்கு ஒரு பகிடி தயாராக வைத்திருந்தேன். அவள் கையைக் கழுவிக்கொண்டு போய்விட்டாள்.

ஞாயிற்றுக்கிழமை கோயில் மண்டபத்தில் நாற்பது பேருக்கும் கடையில் வாங்கிய ஆட்டிறைச்சி. மச்சாள் தன் முன்னங்கால்களில் எலும்பு கூடினதைக் குழம்பாக்கி, நல்ல துண்டுகளை மட்டும் ஒரு சின்னச் சட்டியில் பிரட்டல் வைத்திருந்தாள். குழம்பை மகள் தன் சிநேகிதிகளுக்கு 'என் சித்தி சுட்டது' என்று ஆங்கிலத்தில் விளம்பரம் செய்து பத்து நிமிடத்தில் முடித்தாள். சின்னச் சட்டி மாமியின் முன்னால் வந்தது. மாமி ஒரு துண்டை எடுத்தா. மென்றா. மண்டபத்தில் மற்றவர்கள் சிரித்துக் கதைத்துக்கொண்டிருந்தார்கள், மச்சாள் மட்டும் மாமியின் வாயையே பார்த்துக்கொண்டு நின்றாள். மாமி இன்னொரு துண்டு எடுத்தா. பிறகு இன்னொன்று. சட்டியைச் சோற்றால் துடைத்துச் சாப்பிட்டா. நிமிர்ந்து மகளின் முகத்தைப் பார்த்தா. ஆறு மாதத்துக்குப் பிறகு நேராக.

"பிள்ளை, இன்னும் கொஞ்சம் கிடக்கோ?"

கிடக்கவில்லை. கிடந்திருக்க வேண்டிய நாலு காலையும் நேற்றே எங்கள் வீட்டுப் பின்வளவில் ஆழமாகக் குழி வெட்டிப் புதைத்துவிட்டேன்.

"முடிஞ்சுது அம்மா" என்றாள் மச்சாள். மாமி தலையாட்டிவிட்டுக் கை கழுவப் போனா. வெறும் சட்டியைத் தூக்கிக்கொண்டு மச்சாள் குசினிப் பக்கம் நடந்தாள். பின்னால் ஓடிப்போய், பதினெட்டு வருடமாக எல்லா வில்லங்கத்திலிருந்தும் என்னைக் காப்பாற்றிய அந்த இளிப்போடு கேட்டேன்:

"என்ன மச்சாள், இந்த ஆமையோடை கோபமோ?"

"ஓம், அத்தான்."