கல்லுக்குப் போட்ட களிமண் வேகம்

“இந்த மேடு நேத்தும் இருந்துச்சாம்மா?” என்று கணினியில் கடலடிப் படத்தைப் பார்த்தபடி ஜெயசுதா அக்கா கேட்டார்.

“இருந்துச்சுக்கா. அங்கதானே எண்ணெய்க் கிணறு போடப் போறாங்க.”

“அப்ப நாளைக்கு இருக்காது.”

விளையாட்டுக்குச் சொல்கிறார் என்று நினைத்தேன். திரையில் அந்த மேட்டுக்கு மேலே கிடந்த பட்டையைத் தொட்டுக் காட்டினார். “இது சுண்ணாம்புக்கல்லு. நான் களிமண்ணுக்கு உண்டான வேகத்தைப் போட்டுட்டேன். இந்தச் சுண்ணாம்புக்கல்லு சீமையில பொறந்துட்டு கல்லைத் தெரியலன்னா ஊருக்குள்ள விடுவாங்களா என்னை?”

சிரித்தார்.

கீழப்பழுவூரில் அவர் வீட்டு முன்னறைதான் எங்கள் ஆபீஸ். சென்னைக் கம்பெனி ஒன்றுக்காக வேலை. கடலில் போகும் கப்பல் கீழ்நோக்கி ஒலியை அனுப்பும். அது பாறைகளில் பட்டுத் திரும்ப எடுத்துக்கொண்ட நேரத்தை வைத்து, கடலடியில் இருப்பதை நாங்கள் படமாக்குவோம். எந்த அடுக்கில் ஒலி எவ்வளவு வேகமாகப் போகும் என்று முடிவு செய்வது அக்கா. கல்லுக்குள் ஒலி விரைந்து போய் வந்துவிடும். அதைக் களிமண் என்று எடுத்துக்கொண்டால், அடியில் இருப்பது மேலே எழும்பித் தெரியும்.

அக்கா தமிழ் வழியில் படித்தவர். பதினாறு வருடமாக இந்த வேலை. ஆங்கில அறிக்கைகளை நான் எழுதுவேன். சாலையில் கல் லாரி போனால் தூசு படாமல் திரையைத் துண்டால் மூடுவார், என் சோற்றுத் தட்டையும் சேர்த்து. நான் பேசாமல் இருக்கும் நாட்களில் ஏன் என்று கேட்கமாட்டார். டீ மட்டும் வரும்.

அவரைக் குழுத் தலைவராக்க அந்த மாதம்தான் சென்னையில் பேச்சு நடந்தது. அந்த மேட்டைக் கண்டுபிடித்ததற்காக.

மூன்று நாள் உட்கார்ந்து வேகத்தைத் திருத்தி மறுபடி படமாக்கினோம். மேடு இல்லை. திருத்த அறிக்கையை எழுதி அவருக்குத் தமிழில் சொன்னேன்: “முந்தைய படத்தில் ஒரு பிழை நேர்ந்துள்ளது.”

“நேர்ந்துள்ளதா? அது என்ன மழையா, தானா பேயறதுக்கு?”

“இங்கிலீஷ்ல அப்படித்தான்க்கா எழுதுவாங்க. யாருன்னு கேக்க மாட்டாங்க.”

“கேக்கணுமே. இதே கல்லுக்கு நான் வேற எங்கெல்லாம் வேகம் போட்டேன்னு அப்பதானே தேடுவாங்க?”

“பதவி போயிடும்க்கா.”

“வந்தாதானே போறதுக்கு?”

நாற்காலியை என் பக்கம் இழுத்துப் போட்டுக்கொண்டார்.

“ஜெயசுதா பண்ணுன தப்புன்னு எழுதும்மா. பேருல எழுத்து சரியா இருக்கான்னு நானே பாத்துக்கறேன்.”