லிஃப்ட்காரர் வீடு விற்ற கதை

ஊரில் எந்தக் கட்டடத்தில் லிஃப்ட் பாதியில் நின்றாலும் அவருக்குத்தான் போன் வரும். அதனால் தெருவில் அவருக்கு லிஃப்ட்காரர் என்றே பெயர். போய் நின்றதும் கருவிப்பையைத் திறக்க மாட்டார். மூடிய கதவில் வாயை வைத்து, "பயப்படாதீங்க, நான் வந்துட்டேன். காத்து வருதில்ல? அப்படியே கீழ உட்காருங்க, கொஞ்ச நேரந்தான்" என்று தாலாட்டுகிற மாதிரிப் பேசுவார். உள்ளே அலறிக்கொண்டிருந்தவர்கள் அடங்கிவிடுவார்கள். ஓர் அம்மாள் தூங்கியே போய்விட்டார் என்றுகூடச் சொல்வதுண்டு.

அப்பேர்ப்பட்ட பொறுமைசாலிக்குத் தன் வீட்டைப் பற்றி யாராவது அரை வார்த்தை குறைத்துச் சொன்னால் போதும், மூக்குக்கு மேல் கோபம் வந்துவிடும்.

வீடு அப்படியொன்றும் மாளிகை இல்லை. கீழே இரண்டு அறை, சமையலறை. மாடி அறையையும் படிக்கட்டையும் லீவு நாட்களில் அவரே கலவை குழைத்துக் கட்டினார். மூன்றாவது படி மட்டும் மற்றவற்றைவிட இரண்டு விரல் உயரம். வீட்டார் கால் பழகிவிட்டது. வருகிறவர்கள் தவறாமல் தடுக்குவார்கள். குளியலறைக் கதவை முழுக்கத் திறந்தால் வாஷ்பேசினில் இடிக்கும். மாடிக் கூரை மூலையில் மழைக் கறை ஒன்று, வருஷா வருஷம் வெள்ளையடித்தும் வருஷா வருஷம் எட்டிப் பார்த்தது.

பெண்கள் இருவரும் கல்யாணமாகி வெளியூர் போய்விட்டார்கள். அவர் மனைவி ஊரின் மறுகோடியில் குழந்தைகள் காப்பகம் நடத்தினாள். போக இரண்டு பஸ், வர இரண்டு பஸ்.

"பாதி ஆயுசு பஸ் கம்பியைப் பிடிச்சே போயிடும் போலிருக்குங்க. இதை வித்துட்டு அந்தப் பக்கமா ஒரு ஃப்ளாட் பார்ப்போமே" என்றாள்.

அவரும் சந்தோஷமாகத் தலையாட்டினார். விற்பது என்றால் யாராவது விலையைக் குறைத்துக் கேட்பார்கள் என்பது மட்டும் அவருக்கு அப்போது உறைக்கவில்லை.

முதலில் ஒருவர் வீட்டைப் பார்க்காமலே போனில் பாதி விலைக்குக் கேட்டார். "அந்தப் பாதி விலைக்கு உங்களுக்குப் பாதிக் கதவுதான் திறக்கும்" என்று சொல்லிப் போனை வைத்தார் லிஃப்ட்காரர். இன்னொருவர் மழைக் கறையையே அண்ணாந்து பார்த்துக்கொண்டு நின்றார். அவர் வாயைத் திறக்குமுன்பே அவருக்குச் செருப்பு எடுத்து வைக்கப்பட்டது.

பிறகு தரகர் ஒரு நர்ஸையும் அவள் கணவனையும் கூட்டி வந்தார். கணவன் சரக்கு வேன் ஓட்டுகிறவன். அவன் மூன்றாவது படியில் தடுக்கி, கைப்பிடியைப் பிடித்துச் சமாளித்தான். நர்ஸ் ஒவ்வொரு ஜன்னலாகத் திறந்து மூடினாள். ஸ்விட்ச் போட்டுப் பார்த்தாள். சமையலறையில் நின்று, "இங்க வெயில் நல்லா விழுது" என்றாள். லிஃப்ட்காரர் முகம் மலர்ந்தது. அடுத்த நிமிஷம் அவள் ஒரு விலை சொன்னாள். கேட்டதில் மூன்றில் இரண்டு பங்கு.

"அந்த விலைக்கு மாடிப்படியை மட்டும் கழட்டித் தரேன், வேன்ல ஏத்திட்டுப் போங்க!" என்று கத்தினார்.

வந்தவர்கள் வாசலைப் பார்த்து நடந்தார்கள். தரகர் பாதி டீயை அப்படியே வைத்துவிட்டு எழுந்தார்.

அன்று சாயங்காலம் மனைவி கேட்டாள்: "அவங்க என்ன தப்பா சொல்லிட்டாங்க?"

"என் வீட்டை இளக்காரமா பேசினாங்களே!"

"வீட்டைப் பத்தி ஒண்ணுமே பேசலைங்க. விலை சொன்னாங்க. உங்களுக்குக் கட்டுப்படியாகலைன்னா உங்க விலையைத் திருப்பிச் சொல்லுங்க. லிஃப்ட்ல மாட்டினவங்ககிட்ட பேசுவீங்களே, அந்தக் குரலை வீட்டுக்குக் கொண்டுவரக் கூடாதா?"

அவர் செய்தித்தாளைப் பிரித்துக்கொண்டார்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை காப்பகத்துக்குப் பக்கத்தில் ஒரு ஃப்ளாட் பார்க்கப் போனார்கள். மூன்றாவது மாடி. உரிமையாளர் ஒரு பாட்டு டீச்சர். தங்கையோடு போய் இருப்பதற்காக விற்கிறார். கூடத்தில் காற்று பிய்த்துக்கொண்டு போயிற்று. பால்கனியிலிருந்து பார்த்தால் காப்பகத்தின் நீல கேட் தெரிந்தது. மனைவி அந்த இடத்தைவிட்டு நகரவே இல்லை.

லிஃப்ட்காரருக்கும் மனசுக்குப் பிடித்துத்தான் இருந்தது. ஆனால் கையில் வரப்போகிற பணத்தை நினைத்தார். தொண்டையைச் செருமிக்கொண்டு, "குழாயெல்லாம் பழசு. தரையில ஓடு ரெண்டு இடத்துல தூக்கிட்டு நிக்குது. லிஃப்டும் இழுத்து இழுத்துத்தான் வருது" என்று அடுக்கிவிட்டு, சொன்ன விலையில் முக்கால் பங்குக்குக் கேட்டார்.

பாட்டு டீச்சர் எழுந்து நின்றார். குரல் மட்டும் மேல் ஸ்தாயிக்குப் போயிற்று.

"லிஃப்ட் சரியில்லைன்னு சொல்றீங்கல்ல? அப்போ படியில இறங்கிப் போங்க!"

கதவு சாத்திக்கொண்டது. இருவரும் படியில்தான் இறங்கினார்கள். இரண்டாவது மாடி திரும்பும்போது மனைவிக்கு அடக்க முடியவில்லை. படியிலேயே உட்கார்ந்து, முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு குலுங்கிக் குலுங்கிச் சிரித்தாள்.

"என்ன சிரிப்பு? நான் என்ன அவங்களை அவமானப்படுத்தவா கேட்டேன்? நமக்கு எவ்வளவு முடியுமோ அதைத்தானே கேட்டேன்!"

சொல்லி முடித்ததும் அவருக்கே சுருக்கென்றது.  மனைவி கண்ணைத் துடைத்துக்கொண்டு அவர் முகத்தையே பார்த்தாள். அவர் அவளுக்குப் பக்கத்தில் உட்கார்ந்தார். அவருக்கும் சிரிப்பு வந்துவிட்டது.

வீட்டுக்கு வந்ததும் தரகரிடம் நம்பர் வாங்கி நர்ஸுக்குப் போன் போட்டார்.

"திட்டறதுக்கா கூப்பிட்டீங்க சார்?" என்றாள் அவள்.

"இல்லம்மா. அன்னைக்குக் கேட்டிருக்க வேண்டியதை இப்ப கேக்கறேன். அந்த விலை எப்படி வந்துச்சு?" லிஃப்ட் கதவுக்கு வெளியே நின்று பேசுகிற குரல் அது. மனைவி சமையலறையிலிருந்து எட்டிப் பார்த்தாள்.

நர்ஸ் ஒளிக்காமல் சொன்னாள். கூரை ஒழுகலை அடைக்க ஒரு செலவு, பழைய ஒயரிங்கை மாற்ற ஒரு செலவு, படியை உடைத்துக் கட்ட ஒரு செலவு. அதெல்லாம் போகக் கையில் நிற்பதைத்தான் சொன்னாளாம். "வீடு எங்களுக்கு ரொம்பப் பிடிச்சிருக்கு சார். இவர் கால் இன்னும் வலிக்குதுன்னாலும் அந்த வீடுதான் வேணுங்கறார்."

"அடடே, இவ்வளவுதானா? இந்த வேலையெல்லாம் நானே செஞ்சு தரேன். வெளியாளுக்குக் கொடுக்கற கூலியை எனக்கு விலையில ஏத்திக் கொடுங்க. நானும் கொஞ்சம் இறங்கி வரேன்."

ஒரே பேச்சில் முடியவில்லை. அவள் கொஞ்சம் ஏறினாள், அவர் கொஞ்சம் இறங்கினார். ஓரிடத்தில் இருவரும் இழுபறியாக நின்றபோது, வேன்காரன் போனை வாங்கி, அவர்கள் வீடு மாறும்போது சாமான்களைத் தானே வாடகையில்லாமல் கொண்டுபோய்ச் சேர்ப்பதாகச் சொன்னான். அத்தோடு பேரம் படிந்தது. அவர் முதலில் சொன்ன விலைக்கும் வந்த விலைக்கும் நடுவே இருந்த இடைவெளி அவருக்கு வலிக்காத அளவுதான்.

பாட்டு டீச்சரிடம் இந்தத் தடவை மனைவி பேசினாள். குழாய், ஓடு என்று ஒரு குறையும் சொல்லவில்லை. "பால்கனியில நின்னா என் காப்பகம் தெரியுதுங்க. எங்களால இவ்வளவுதான் முடியும், இதுக்கு மேல கடன் வாங்கணும்" என்று, கையில் வரப்போகிற பணத்துக்குத் தகுந்தபடி முன்பைவிட ஏற்றிக் கேட்டாள். டீச்சர் இரண்டு நாள் யோசித்துவிட்டு இன்னும் கொஞ்சம் கேட்டார், கொடுத்தார்கள்.

லிஃப்ட்காரர் நர்ஸிடம் சொன்னபடி லீவு போட்டு, உடம்பெல்லாம் சிமெண்ட்டோடு வேலை செய்தார். நர்ஸ் மாலையில் டியூட்டி முடிந்து வந்து பார்ப்பாள். பெயின்ட் நிறம் பற்றி இருவருக்கும் சண்டைகூட வந்தது, அவள்தான் ஜெயித்தாள்.

வீடு மாறிய அன்று வேன் இரண்டு நடை அடித்தது. மறுநாள் காலை மனைவி காபியை நிதானமாகக் குடித்து, தலையை நிதானமாக வாரி, பையை எடுத்துக்கொண்டு நடந்தே புறப்பட்டாள். அவர் பால்கனியில் நின்று பார்த்தார். அவள் நீல கேட்டைத் திறந்ததும் நாலைந்து வாண்டுகள் ஓடிவந்து காலைக் கட்டிக்கொண்டன. அவள் திரும்பி, மேலே பார்த்துக் கையை ஆட்டினாள்.