ஏரி உள்வாங்கிய ஞாயிறு

இங்கே ஒரு சட்டை காய்வதற்குக் கால் மணி நேரம் போதும். தீவிலிருந்து இதைப் படிக்கிறவர்கள் நம்ப மாட்டீர்கள். செப்டம்பரில் நமக்கு ஒரு சட்டை காய நாலு நாள் ஆகும், அதற்குள் அக்குளில் பூஞ்சை பூத்திருக்கும். பாரிவாக்கத்தில், நான் வாட்ச்மேனாக இருக்கும் அடுக்குமாடிக் கட்டடத்தின் மொட்டை மாடியில், பிழிந்த சட்டையைக் கொடியில் போட்டுவிட்டு தண்ணீர்த் தொட்டியை எட்டிப் பார்த்துத் திரும்பினால், அது அப்பளம்போல விறைத்து நிற்கிறது. தொங்குவதில்லை, நிற்கிறது. கைகளை லேசாக விரித்துக்கொண்டு, உள்ளே யாரோ இருப்பதுபோல. காற்று செத்துப்போன மதியங்களில் எல்லா பால்கனியிலும் இப்படி ஆட்கள் நிற்பார்கள். அந்த வீட்டுக்காரர்கள் மதுரையிலிருந்தும் சேலத்திலிருந்தும் வந்து கம்ப்யூட்டர் கம்பெனிகளில் வேலை பார்க்கிறவர்கள். பகலில் கட்டடம் முழுக்கப் பூட்டித்தான் கிடக்கும். சட்டைகள் மட்டும் ஏரியைப் பார்த்து நிற்கும்.

இந்த வெயில் ஆவணி பாதியில் ஆரம்பித்தது. கத்திரி வெயில் வேறு, அதற்கு ஒரு கணக்கு உண்டு, முடிந்துபோகும் என்று தெரியும். இது, அது முடிந்ததற்கு அப்புறம் வந்த வெயில். இந்த மாதங்களில் சாயங்காலமானால் மேற்கே கறுத்து, இடித்து, ஒரு மணி நேரம் கொட்டிவிட்டுப் போகும் என்று சொன்னார்கள். இந்த வருஷம் மேற்கு வெள்ளையாகவே இருந்தது. நாள் தவறாமல் அதே வெள்ளை, அதே சூடு. குழாயைத் திறந்தால் தண்ணீருக்கு முன்னால் நீளமாக ஒரு காற்று வரும், தூக்கத்தில் யாரோ மூச்சு விடுவதுபோல. ஒருநாள் மூன்றாவது மாடியில் ஆள் இல்லாத வீட்டுக்குள் அந்த மூச்சு கேட்டது. சாவி வாங்கித் திறந்து பார்த்தேன். திறந்து விட்டுப்போன குழாய்தான். ஆனாலும் அடைத்துவிட்டு வேகமாக இறங்கி வந்தேன்.

நான் ஹட்பேக்காரன். நம் அந்தமான் தீவுகளிலேயே அது தெற்கே தள்ளிக் கிடப்பது உங்களுக்குத் தெரியும். அப்பா துறைமுகத்தில் மூட்டை தூக்கினார். எட்டாம் வகுப்பு பாதியில் என் படிப்பு நின்றது. பிறகு போர்ட் பிளேரில் மரமில், கப்பலேறி மெயின்லேண்ட், விசாகப்பட்டினத்தில் ஐஸ் கம்பெனி, பெங்களூர் ரோட்டில் சென்னீர்குப்பத்துப் பக்கம் லாரிக்காரர்கள் சாப்பிடும் ஹோட்டலில் பாத்திரம். எங்கேயும் ரெண்டு வருஷம் தங்கியதில்லை. இங்கே தங்கிவிட்டது கலாவால். அவள் இந்த ஊர்க்காரி. அவள் அப்பா அம்மா இந்த ஏரிப் பாசனத்தில் நாற்று நட்டவர்கள். அவள் அம்பத்தூரில் ஒரு கம்பெனியில் பேக்கிங் வேலை பார்க்கிறாள். முதல் புருஷன், திருப்பூருக்கு வேலைக்குப் போகிறேன் என்று பையைத் தூக்கிக்கொண்டு போனவன் திரும்பவே இல்லை. அவன் பெண் தர்ஷினிக்கு ஒன்பது வயசு. மூன்று பேரும் கட்டடத்தின் தரைத்தளத்தில் வாட்ச்மேன் அறையில் இருக்கிறோம். ஜன்னலைத் திறந்தால் ஏரிக்கரை.

ஊரில் எனக்குப் பெயர் அந்தமான். கலாவின் அண்ணன் முனுசாமி வைத்தது. முதன்முதலாகப் பார்த்தபோதே, "இன்னா அந்தமானு, ஜெயில்லேர்ந்து எப்ப ரிலீஸு?" என்று கேட்டான். அங்கே பள்ளிக்கூடம் இருக்கிறது, பஜார் இருக்கிறது, நம்மவர்கள் கட்டிய முருகன் கோயில் இருக்கிறது என்று விளக்கினேன். பொறுமையாகக் கேட்டுவிட்டு, "அத்தெல்லாம் சரி மாமே. இன்னா கேஸு?" என்றான். அதோடு விளக்குவதை விட்டுவிட்டேன்.

அவனிடம் இன்னொன்றும் கேட்டிருந்தேன். குடிவந்த வாரத்தில், "மச்சான், இங்க மேடு எங்க இருக்கு?" என்று.

"மேடா? இன்னாத்துக்கு?"

"சும்மாதான். ஓடி ஏறுறதுக்கு."

அவன் என்னை மேலும் கீழும் பார்த்தான். "வானகரத்துல பைபாஸ் பாலம் கீதே, அத்த வுட்டா இங்க மேடுன்னு எதுவும் கெடையாது. ஏன், போலீசு தேடுதா?"

தீவில் இந்தக் கேள்வியை யாரும் விளக்கிச் சொல்ல வேண்டியதில்லை. சுனாமி அலைக்குப் பிறகு நம் வீடுகளில் கதவுக்குப் பின்னால் ஒரு பை தொங்குகிறது. தீவுக்காரன் என்பதற்கு அத்தாட்சியான ஐலேண்டர் கார்டு, தீப்பெட்டி, மெழுகுவத்தி, பிஸ்கட், செருப்பு. தூக்கு என்றால் தூக்கிக்கொண்டு மேட்டுக்கு ஓட வேண்டியதுதான். சாமி படத்துக்குப் பூ மாற்றுவதுபோல மாதம் ஒருமுறை பிஸ்கட்டை மாற்றுவோம். நான் போன ஊரிலெல்லாம் முதல் நாள் ஆணி அடித்து அந்தப் பையை மாட்டினேன். பாரிவாக்கத்திலும் மாட்டினேன். அதைக் கலா பார்க்கும் பார்வையை வெகுநாள் நான் கவனிக்கவில்லை. ஒருமுறை, "அந்தப் பைய எடுத்து மேல போடேன், கண்ணுல பட்டுனே கீது" என்றாள். மேலே போட்டால் அவசரத்துக்கு எட்டாதே என்றேன். எனக்கு உயிரோடு இருப்பதற்கான பை. அவளுக்கு அது கிளம்பத் தயாராக இருக்கும் ஆம்பளையின் பை.

அந்த வாரங்களில் ஏரி பின்னால் போய்க்கொண்டே இருந்தது. தினம் காலையில் மாடியிலிருந்து பார்ப்பேன். முதலில் கரையோரம் பச்சைச் சேறு, பிறகு வெடித்த சேறு. பிறகு ஒருநாள் தண்ணீருக்குள்ளிருந்து கற்கள் தலை தூக்கின. வரிசையாக, வெள்ளையடித்து, நம்பர் எழுதின மனைக் கற்கள். யாரோ எப்போதோ ஏரியை மனை போட்டிருக்கிறார்கள். யார் வாங்கினார்கள், அவர்கள் எங்கே என்று யாருக்கும் தெரியவில்லை. ஊர்க்காரர்கள் அதைப் பார்த்துச் சிரித்தார்கள். எனக்குச் சிரிப்பு வரவில்லை. தண்ணீருக்கடியில் இருக்க வேண்டியது வெளியே தெரியும்போது எனக்கு முதுகு சில்லிடும். அத்தனை வெயிலிலும் சில்லிட்டது. தூக்கம் குறைந்தது. பிஸ்கட்டை வாரம் ஒருமுறை மாற்றினேன். "இன்னாயா ஆச்சு உனுக்கு? ஊருக்குப் போணுமா? போணும்னா சொல்லிட்டுப் போ" என்றாள் கலா. இல்லை என்றேன். அவள் நம்பவில்லை. அந்தக் கோபமெல்லாம் பெண்ணின் மேல் திரும்பியது. "ரோஸ் செருப்ப எங்கடி தொலச்ச? ஒரு மாசமா கேக்கறேன், ஊமையாட்டம் நிக்கற" என்று தர்ஷினிக்குத் திட்டு விழுந்தது.

அந்த ஞாயிற்றுக்கிழமை காலை எட்டு மணி இருக்கும். தொட்டியைப் பார்க்க மேலே ஏறினேன். ஏரியைப் பார்த்தேன். தண்ணீர் இல்லை.

முந்தின சாயங்காலம் கற்களின் இடுப்புவரை இருந்த தண்ணீர், எதிர்க்கரை ஓரமாக ஒரு கோடாக ஒடுங்கியிருந்தது. நடுவில் முழுக்கச் சேறு. சேற்றில் ஆயிரம் இடத்தில் வெள்ளி மின்னியது. மீன்கள் துள்ளின. கூடையும் குண்டானும் எடுத்துக்கொண்டு ஜனங்கள் சிரித்தபடி உள்ளே இறங்கிக்கொண்டிருந்தார்கள்.

இதை நான் ஏற்கெனவே பார்த்திருக்கிறேன். ஹட்பேயில், நிலம் ஆடி ஓய்ந்த அந்தக் காலையில், கடல் இப்படித்தான் எழுந்து போயிருந்தது. பவளப் பாறைகள் வெளியே கிடந்தன. மீன்கள் துள்ளின. என் தங்கை அலுமினியக் குண்டானோடு இறங்கினாள், நானும் இறங்கினேன். குண்டான் சீக்கிரம் நிறைந்துவிட்டது. "அண்ணே, ஓடிப்போய் சாக்கு எடுத்துட்டு வா" என்றாள். நான் சாக்கு எடுக்கப் போனேன். வீடு மேட்டில் இருந்தது. அவ்வளவுதான் நடந்தது. சாக்கு என் கையில் இருந்தது.

மாடியிலிருந்து பார்க்கும்போது, ஏரியின் நடுவில், நம்பர் போட்ட கல்லுக்குப் பக்கத்தில், ஒரு சின்ன உருவம் அலுமினியக் குண்டானோடு குனிந்திருந்தது. தர்ஷினி.

மாடிப்படி இறங்கினது நினைவில்லை. ஆணியிலிருந்து பையை எடுத்துத் தோளில் மாட்டினது நினைவிருக்கிறது, ஏனென்றால் கை தானாகப் போனது. கரை ஏறி, சேற்றில் முழங்கால்வரை புதைந்து, "பாகோ! பாகோ!" என்று கத்திக்கொண்டு ஓடினேன். தீவில் ஓடு என்பதற்கு எல்லாரும் கத்துவது அதுதான், தமிழ் வாயில் வரவில்லை. ஜனங்கள் நின்று வேடிக்கை பார்த்தார்கள். "ஏய், அந்தமான் இந்தில கத்தினு வரான் பாரு!" என்று யாரோ சிரித்தார்கள். பெண்ணை அப்படியே வாரித் தூக்கினேன். குண்டான் கவிழ்ந்தது. "என் மீனு! என் மீனு! வுடு என்ன!" என்று அவள் அலறி என் கையைக் கடித்தாள். விடவில்லை. மொட்டை மாடிவரை ஓடி, தொட்டிக்கு முதுகு கொடுத்து, அவளை மடியில் இறுக்கிக்கொண்டு உட்கார்ந்தேன்.

பிறகு காத்திருந்தேன். வெயில் ஏறியது. கொடியில் சட்டைகள் கை விரித்து நின்றன. ஒரு இலை அசையவில்லை. கீழே ஜனங்கள் ஒவ்வொருவராக மீனை விட்டுவிட்டு மாடியை அண்ணாந்து பார்த்தார்கள். அப்போது அந்தச் சத்தம் கேட்டது. தூரத்தில், தரைக்கடியில், கூட்ஸ் ரயில் வருவதுபோல. எனக்கு அது கேட்பது புதிதல்ல, விசாகப்பட்டினத்திலும் கேட்டிருக்கிறேன், என் காதுக்குள் இருப்பது அது என்று தெரியும். ஆனால் அழுதுகொண்டிருந்த தர்ஷினி சட்டென்று நிறுத்தினாள். தலையைச் சாய்த்தாள்.

"இன்னா சத்தம் அது?" என்றாள்.

அவள் கடிப்பதையும் திமிறுவதையும் விட்டுவிட்டு என் கழுத்தைப் பிடித்துக்கொண்டாள். எத்தனை நேரம் என்று தெரியாது. எதுவும் வரவில்லை.

கலாதான் வந்தாள். பின்னாலேயே முனுசாமி, இடுப்புவரை சேறு, கையில் இன்னும் ஒரு விரால் மீன். கலா என் முகத்தைப் பார்க்கவில்லை. தோளில் கிடந்த பையைப் பார்த்தாள்.

"கெளம்பிட்டியா?" என்றாள். "நீ போவன்னு தெரியும். எம் பொண்ண எதுக்குத் தூக்கின?"

"ஏரி உள்வாங்கிருச்சு" என்றேன்.

"உள்வாங்கிச்சா?" முனுசாமி கத்தினான். "நேத்து ராத்திரியே நாங்கதான் மதகத் தொறந்து வுட்டோம். வத்தற ஏரிய அப்பிடித்தான் காலி பண்ணுவோம், ஊரே மீன் புடிக்கும். எங்க தாத்தா காலத்துலேர்ந்து அதான் பழக்கம். தண்ணி எங்க பூடும், கால்வாய்க்குத்தான் போவும். ஏரி இன்னா கடலா, திரும்பி வர்றதுக்கு? டேய், பொண்ணத் தூக்கினு ஓடற ஆளாடா நீ? கலா, இவன இன்னிக்கே அனுப்பிடு."

தங்கையைப் பற்றி நான் கலாவிடம் சொன்னதே இல்லை. கலா என் தோளிலிருந்து பையை உருவினாள். "இன்னா எடுத்துனு போறான்னு பாக்கறேன்" என்று மொட்டை மாடித் தரையில் கவிழ்த்தாள். தீப்பெட்டி விழுந்தது. மெழுகுவத்தி வெயிலில் வளைந்து போயிருந்தது. மூன்று பிஸ்கட் பாக்கெட். பிளாஸ்டிக் உறைக்குள் என் ஐலேண்டர் கார்டு, கலாவின் ரேஷன் கார்டு நகல், தர்ஷினியின் பிறப்புச் சான்றிதழ் நகல். கடைசியாகச் செருப்புகள். என்னுடையது, கலாவுடையது, அப்புறம் ரோஸ் நிறத்தில் சின்னதாக ஒரு ஜோடி.

"என் செருப்பு!" என்றாள் தர்ஷினி.

அன்று வெறுங்காலோடு பாறையில் ஓடிக் காலைக் கிழித்துக்கொண்டவர்கள் நாங்கள். அதனால்தான் பையில் செருப்பு வைப்பது. அவளுடையதை எடுத்து வைத்தேன், சொல்ல மறந்துவிட்டேன், திட்டு விழுந்தபோது சொல்லக் கூச்சமாக இருந்தது. இதைத்தான் முதலில் சொன்னேன். பிறகு சாக்கைப் பற்றிச் சொன்னேன். நின்றுகொண்டே கேட்டார்கள். முனுசாமியின் கையிலிருந்த விரால் வாயைத் திறந்து திறந்து மூடியது. அவன் அதைத் தொட்டித் தண்ணீரில் போட்டான். ஏன் போட்டான் என்று அவனுக்கே தெரியாது.

கலா குனிந்து, ஒவ்வொன்றாகப் பைக்குள் திரும்ப வைத்தாள். ரோஸ் செருப்பை மட்டும் கையில் வைத்து, பெண்ணின் காலோடு அளந்து பார்த்தாள். "இது அவளுக்கு இப்பப் பத்தாது" என்றாள். மறுநாள் கம்பெனியிலிருந்து வரும்போது ஒரு சைஸ் பெரியதாகப் புதுச் செருப்பு வாங்கிவந்து, போட்டுக்காட்டக்கூட விடாமல் பைக்குள் வைத்தாள். பிறகு கேட்டாள், "வந்தா, எந்தப் பக்கம் ஓடணும்?"

தீவில் இது குழந்தைக்கும் தெரியும். கடலுக்கு முதுகைக் காட்டி ஓட வேண்டும். இங்கே கடல் கிழக்கே எங்கேயோ கண்ணுக்குத் தெரியாமல் இருக்கிறது, ஏரி ஜன்னலுக்கு வெளியே காலியாகக் கிடக்கிறது. எதற்கு முதுகைக் காட்டுவது? பைபாஸ் பாலம் என்றேன். "ஷேர் ஆட்டோ கெடச்சா அரை மணி நேரம். அதுவரிக்கும் அலைய வெயிட் பண்ணச் சொல்லு மாமே" என்றான் வாசலில் உட்கார்ந்திருந்த முனுசாமி. சிரித்தான். ஆனால் போகும்போது கதவுக்குப் பின்னால் அந்த ஆணியைத் தொட்டு, ஆட்டிப் பார்த்துவிட்டுப் போனான்.

மழை இன்னும் வரவில்லை. போன வாரம் பிஸ்கட் மாற்றும்போது பார்த்தேன். பிளாஸ்டிக் உறைக்குள் இந்த வெயிலுக்கு என் தீவு அட்டையும் கலாவின் ரேஷன் கார்டு நகலும் ஒட்டிக்கொண்டுவிட்டன. ஓரத்தை லேசாகப் பிரித்தேன். பாரிவாக்கம் என்ற எழுத்து கண்ணாடியில் தெரிவதுபோல இடம்வலம் மாறி என் அட்டையின் மேல், ஹட்பே என்பதற்கு மேலேயே ஏறியிருந்தது. இன்னும் இழுத்தால் இரண்டில் ஒன்று கிழியும். அப்படியே உள்ளே வைத்துப் பையை மாட்டினேன். தர்ஷினி ஜன்னலருகே வீட்டுப்பாடம் எழுதிக்கொண்டிருந்தாள். வெளியே சட்டைகள் ஆடாமல் நின்றன. அவள் பென்சிலை நிறுத்தி, ஏரிப் பக்கம் தலையைச் சாய்த்தாள்.

"கேக்குதா?" என்றாள்.

கேட்டது. இல்லை, நீ எழுது என்றேன்.