நாலாம் மாடி ஏறிய மணியம்

மணியம் லேசில் பயப்படுகிற ஆள் கிடையாது. அதை முதலில் சொல்லிவிட வேண்டும். மலேசியாவில் பெக்கோக் பக்கத்துத் தோட்டத்தில் பிறந்து, மீசை முளைக்கும் முன்பே செம்பனைக் குலை சுமந்த தோள் அது. தோட்டம் போதும் என்று மாசாய் பட்டணத்துக்கு வந்தவர், பாசீர் கூடாங்கில் ஒரு தொழிற்சாலையில் சரக்குத் தூக்கும் ஃபோர்க்லிப்ட் ஓட்டினார். கொட்டுகிற மழையிலும் மோட்டார் சைக்கிளை எடுத்துக்கொண்டு வேலைக்குப் போவார். சந்திரமதியைக் கட்டி, லோஷினி என்று ஒரே பெண்ணைப் பெற்று, நாலாம் மாடி பிளாட்டில் குடியிருந்தார். அங்கே லிப்ட் என்று ஒன்று இருந்தது. அது ஓடிய நாளை விட நின்ற நாள்தான் அதிகம். கேஸ் சிலிண்டரைத் தோளில் வைத்துக்கொண்டு பாட்டுப் பாடியபடியே ஏறிவிடுவார் மனுஷன்.

அப்பேர்ப்பட்டவருக்குப் பயத்தைக் கொண்டுவந்தது ஐயாசாமியின் சாவு. இருவருக்கும் ஒரே ஷிப்ட். கேண்டீனில் தேத்தண்ணீர் வாங்கிக்கொண்டு வந்து உட்கார்ந்த ஐயாசாமி, அப்படியே மேசைமேல் கவிழ்ந்தார். ஏதோ சொல்லிச் சிரிக்கிறார் என்று நினைத்து மணியம் அவர் முதுகில் ஒரு தட்டு தட்டினாராம். ஆள் எழவில்லை. அன்றைக்குப் பிறகு மணியத்தின் கை தன் நெஞ்சை விட்டு இறங்கவே இல்லை. சோறு தின்னும்போதும் இடது கை நெஞ்சில்தான் இருக்கும்.

சந்திரமதிதான் இழுத்துக்கொண்டு போய் அரசாங்க கிளினிக்கில் காட்டினாள். இரத்த அழுத்தம் இருக்கிறது, கொழுப்பும் இருக்கிறது, மாத்திரையை விடாமல் சாப்பிடுங்கள், மறுபடி வாருங்கள் என்றார் டாக்டர். வெளியே ஏகப்பட்ட கூட்டம், அவரும் என்ன செய்வார். ஆனால் மணியத்துக்கு அந்த நாலு வார்த்தை போதவில்லை.

கைப்பேசி நிறையப் பேசியது. வெள்ளைக் கோட்டுப் போட்ட ஒருவர் அதில் வந்து, தோள் வலிக்கிறதா, தாடை கூசுகிறதா, இன்றைக்கு ராத்திரியே உங்கள் இதயம் நின்றுவிடலாம் என்பார். மணியம் உடனே தாடையைத் தொட்டுப் பார்ப்பார். தொட்டுக்கொண்டே இருந்தால் எந்தத் தாடைதான் கூசாது? ஒன்றைப் பார்த்து முடித்தால் அதே மாதிரி இன்னொன்று தானாக வந்து நிற்கும். தட்டில் சோறு காயும், கையும் காயும், அவர் கண் மட்டும் அதை விட்டு அகலாது.

கடைசியில் அந்த வெள்ளைக் கோட்டுக்காரர் ஒரு சொட்டு மருந்தைக் காட்டினார். மணியம் அந்த எண்ணுக்கு அழைத்தார். எடுத்தது ஒரு பெண். எடுத்ததுமே "அப்பா" என்றாள்.

அந்த ஒரு சொல்லில் விழுந்துவிட்டார். லோஷினிக்குச் சிங்கப்பூரில் வேலை. விடியும் முன்பே எல்லைப் பாலம் தாண்டப் போகிறவள், அவர் தூங்கிய பிறகு வருவாள். இந்த மருந்துக்காரியோ தினமும் அழைத்து, அப்பா சாப்பிட்டீங்களா, அப்பா தூங்கினீங்களா என்பாள். கல்யாணமான நாளிலிருந்து சந்திரமதியும் அதையேதான் கேட்டாள். அதற்கு ஒரு நாளும் அவர் முகம் மலர்ந்ததில்லை.

சொட்டு மருந்து வீடு வந்து சேர்ந்தது. மாத்திரை விஷம், சொட்டு மருந்தோடு அது சேராது என்று அந்தப் பெண் சொன்னாள். மணியம் கிளினிக்குக்குப் போய் மாத்திரையை வாங்கி வருவார், கொண்டுவந்து பிஸ்கட் டின்னில் போட்டு மூடிவிடுவார். சந்திரமதி கண்டுபிடித்துச் சண்டை போட்டாள். டாக்டர் படித்தவரா, போனில் பேசுகிறவள் படித்தவளா என்று கேட்டாள்.

"டாக்டர் என் மூஞ்சியக்கூட நிமிர்ந்து பார்க்கல, சந்திரா. இந்தப் புள்ள தெனம் கேக்குது."



பிறகு ஒரு நாள், அப்பா குணமானதை நாலு பேர் பார்க்க வேண்டும், மாடிப்படி ஏறுவது போல ஒரு வீடியோ எடுத்து அனுப்புங்கள் என்று கேட்டாள் அந்த மருந்துக்காரி. மணியம் தீபாவளிச் சட்டையைப் போட்டுக்கொண்டார். கைப்பேசியைப் பிடித்தவள் சந்திரமதி. வேண்டாம் என்று சொல்லியும் பார்த்தாள், பிடிக்கவும் செய்தாள். இரண்டாம் மாடியில் அவர் உட்கார்ந்துவிட்டார். வியர்வை ஆறியதும் மறுபடி எடுக்கச் சொன்னார். மூன்றாம் மாடியில் மறுபடி உட்கார்ந்தார். உட்கார்ந்ததையெல்லாம் விட்டுவிட்டு, நடந்த துண்டுகளை மட்டும் அனுப்பினார். அந்தப் பெண் அதை ஒட்டி, பாட்டுப் போட்டு, ஊர் உலகத்துக்கெல்லாம் காட்டினாள். அதில் மணியம் ஒரே மூச்சில் நாலு மாடி ஏறி, கடைசிப் படியில் நின்று சிரித்தார்.

அதே சிரிப்போடு கொஞ்ச நாள் இருந்தார். ஒரு காலையில் கீழே மோட்டார் சைக்கிளை ஸ்டாண்டிலிருந்து தள்ளியவர், வண்டியோடு சாய்ந்தார். ஆஸ்பத்திரியில் என்ன மாத்திரை சாப்பிட்டார் என்று கேட்டார்கள். சந்திரமதி பிஸ்கட் டின்னை நீட்டினாள். ஒரு மாத்திரைகூடப் பிரிக்கப்படவில்லை. டாக்டர் மூடியைத் திறந்து பார்த்தார், மூடிக் கொடுத்தார்.

மணியத்தின் கருமக்கிரியை அன்று பெக்கோக்கிலிருந்து அவர் தங்கை ராசம்மா வந்திருந்தாள். போன வருஷம் நெஞ்சு வலியில் ஆஸ்பத்திரியில் கிடந்து பிழைத்தவள். படையல் முடிந்து பெண்கள் எல்லாரும் பாயில் உட்கார்ந்திருந்தபோது, அவள் பையிலிருந்து ஒரு போத்தலை எடுத்து நாக்கில் சொட்டு விட்டுக்கொண்டாள். அது மணியம் குடித்த அதே மருந்து என்று சந்திரமதி கண்டுகொண்டாள். ஆஸ்பத்திரி மாத்திரை எங்கே என்று கேட்டாள். அண்ணன் வீடியோவைப் பார்த்த அன்றே நிறுத்திவிட்டேன் என்றாள் ராசம்மா. உன் அண்ணன் இதைக் குடித்துத்தானே போய்ச் சேர்ந்தார் என்று சந்திரமதி கேட்டதற்கு, ராசம்மா அவளைப் பரிதாபமாகப் பார்த்தாள்.

"எத்தனை ஆயிரம் பேரு பார்த்தாங்க அண்ணன் மாடி ஏறுனத. கண்ணு பட்டுருச்சு அண்ணி. மருந்து வேலை செய்யாமலா அப்படி ஏறுனாரு?"

பாயில் இருந்தவர்கள் தலையை ஆட்டினார்கள். திருஷ்டி சுத்திப் போட்டிருக்க வேண்டும் என்றாள் ஒருத்தி. இன்னொருத்தி மெதுவாக ராசம்மாவிடம் அந்த மருந்துக்காரியின் எண்ணைக் கேட்டாள்.

சந்திரமதி மாலை போட்ட படத்தைப் பார்த்தாள். ஊர் கண் பட்டு, குணமான மனுஷன் போய்விட்டார் என்று இருந்தால் அவருக்கு மரியாதை. வாயைத் திறந்தால் அவர் பொய்யன், இவள் அந்தப் பொய்யைப் படம் பிடித்தவள். ஆனால் ராசம்மாவின் உதட்டில் அந்தச் சொட்டு இன்னும் மினுங்கிக்கொண்டிருந்தது.

லோஷினியைக் கூப்பிட்டு, அப்பாவின் போனை எடுத்துவரச் சொன்னாள். மாடிப்படி வீடியோ எடுத்த அன்றைக்கு மிச்சம் விட்டதெல்லாம் அதில் கிடந்தது. அழிக்கச் சொன்னார்தான். இவளுக்கு அழிக்கத் தெரியவில்லை.

"எல்லாருக்கும் கேக்குற மாதிரி வை," என்றாள்.

இரண்டாம் மாடிப் படியில் மணியம் உட்கார்ந்திருந்தார். தீபாவளிச் சட்டை முதுகோடு ஒட்டியிருந்தது. வாயால் மூச்சு வாங்கினார், உதட்டில் இரத்தமே இல்லை. போதுங்க, வீட்டுக்கு வாங்க என்று சந்திரமதியின் குரல் அழுதது. அவர் கையை ஆட்டினார்.

"இத அழிச்சிரு. அந்தப் புள்ள பார்த்தா வருத்தப்படும்."

 எண் கேட்டவள் கைப்பேசியை மடியில் கவிழ்த்து வைத்துக்கொண்டாள். ராசம்மா மட்டும் எழுந்து நின்றாள். அழவில்லை.

"செத்தவர பொய்யனாக்கிட்டீங்களே அண்ணி. அவரு காரியத்தன்னைக்கே."

"ஆமா. நீ உசுரோட இருந்து என்னைத் திட்டு."

ராசம்மா சாப்பிடாமல் போனாள். போத்தலையும் கையோடு கொண்டுபோனாள்.

அதன் பிறகு சந்திரமதி எத்தனையோ முறை அழைத்தாள், அவள் எடுக்கவில்லை. லோஷினி புகார் கொடுத்து அந்த வீடியோவை நீக்க வைத்தாள். அது வேறு பெயரில் மறுபடி வந்தது. ஒரு நாள் மார்க்கெட்டில் மீன் வாங்கும்போது, பக்கத்தில் நின்றவள் கைப்பேசியில் மணியம் படியேறிக்கொண்டிருந்தார். சந்திரமதி மீனை வாங்காமல் வந்துவிட்டாள்.

வருஷத் திவசத்துக்கு ராசம்மா வந்தாள். லிப்ட் அன்றும் ஓடவில்லை. யாரோ வந்து, உங்கள் நாத்தனார் இரண்டாம் மாடியில் உட்கார்ந்திருக்கிறாள் என்று சொன்னார்கள். சந்திரமதி தம்ளரில் சுடுதண்ணீர் எடுத்துக்கொண்டு இறங்கினாள். அண்ணன் உட்கார்ந்த அதே படியில் தங்கை மூச்சு வாங்கிக்கொண்டிருந்தாள். தம்ளரை அவள் பக்கத்தில் வைத்தாள். ராசம்மா அதைப் பார்க்கவில்லை, இவளையும் பார்க்கவில்லை. பையைத் திறந்தாள். சந்திரமதியின் கண் அந்தப் பைக்குள்ளேயே இருந்தது. வெளியே வந்தது ஆஸ்பத்திரி மாத்திரை அட்டை, பாதிக்கு மேல் பிரித்திருந்தது. ஒன்றைப் பிதுக்கி வாயில் போட்டு, தான் கொண்டுவந்த தண்ணீரைக் குடித்து விழுங்கினாள்.

சந்திரமதி தம்ளரை எடுத்துக்கொண்டு முன்னால் ஏறினாள். பின்னால் காலடி கேட்கிறதா என்று மூன்றாம் மாடியில் நின்று பார்த்தாள். கேட்டது. மெதுவாகத்தான் வந்தது.