சூளை மேல் காய்ந்த புத்தகம்

அச்சாபீஸ் கோபால். பீங்கான் ஃபியூஸ் கட்டைகளைக் கிளேஸ் பூச்சில் முக்கி எடுக்கும் அஞ்சலை. டீக்கடை நாராயணன் – காலி கிளாஸ் எடுக்க வந்தவர், கூட்டத்தைப் பார்த்துப் பாவப்பட்டு நின்றுவிட்டார். என் மனைவி சாந்தி. அந்தோணி. அப்புறம் நான். சூளை ஓரத்தில் சூட்டுக்குப் படுத்திருந்த நாயையும் சேர்த்தால் ஏழு.

என் புத்தக வெளியீட்டுக்கு இருந்தவர்கள் இவ்வளவுதான்.

கிறிஸ்துமஸுக்கு முந்தின நாள் மத்தியானம். செராமிக் எஸ்டேட்டில் நான் சூளை பார்க்கும் ஷெட். மேடை கிடையாது. மைக் கிடையாது. ஒரு பலகை, அதன் மேல் முப்பது புத்தகம்.

நடந்து ஒரு மாதம் ஆகப்போகிறது. அதற்கப்புறம் இந்த வார இதழில், என் பக்கத்தில், பனியைப் பற்றி எழுதினேன். கரும்பு டிராக்டரைப் பற்றி எழுதினேன். பொங்கல் லீவுக்குப் பஸ்ஸில் ஜன்னல் வழியாகத் துண்டு போட்டு சீட் பிடிப்பவர்களைப் பற்றி எழுதினேன். இதை மட்டும் எழுதவில்லை.

ஏன்? சொல்கிறேன்.

புத்தகம் என்றால் புதிதாக ஒன்றுமில்லை. இங்கே வாராவாரம் வந்தவைதான். ‘சேர்த்துப் புத்தகமாகப் போடுங்கள்’ என்று உங்களில் சிலர் கடிதம் எழுதினீர்கள். இரண்டு பதிப்பகத்துக்கு அனுப்பினேன். ஒன்றிலிருந்து பதில் இல்லை. இன்னொன்று தாள்கட்டைத் திருப்பி அனுப்பியது. உள்ளே கட்டியிருந்த சணலைக்கூட அவிழ்க்கவில்லை. நான் போட்ட முடிச்சு எனக்குத் தெரியாதா?

சரி, நாமே போடுவோம் என்று இறங்கினேன். சொந்தமாகப் புத்தகம் போடுவது, சொந்தமாக முடி வெட்டிக்கொள்வது மாதிரி. கண்ணாடியில் பார்த்தால் முன்பக்கம் நன்றாகத்தான் இருக்கும். பின்னால் என்ன ஆனது என்பது ஊர் சிரிக்கும்போதுதான் தெரியும்.

இப்போது அந்தோணிக்கு வருகிறேன்.

இருபத்திரண்டு வருஷம் நானும் அவனும் ஒரே சூளை. பற்ற வைத்தால் பதினாலு மணி நேரம் ஆள் நகர முடியாது. தீபாவளியா, பொங்கலா, அரையாண்டு லீவில் பிள்ளைகள் வீட்டில் இருக்கிறார்களா... சூளைக்கு அதெல்லாம் தெரியாது. அந்த நேரத்தில் அவன் பேசுவான். நான் கேட்பேன்.

பெண்ணாடம் ஆலைக்குக் கரும்பு ஏற்றிப் போன டிராக்டர் வரிசையில் மாப்பிள்ளை ஊர்வலம் மாட்டிக்கொண்ட கதை. கிறிஸ்துமஸ் குடிலுக்கு எங்கள் சூளையில் சுட்டுக் கொடுத்த ஆட்டுக்குட்டிகள் அத்தனையும் நாய்க்குட்டி மாதிரி வந்த கதை. படித்துச் சிரித்தீர்களே – எல்லாம் அவன் சொன்னது. எட்டாவது தாண்டாத நான் எழுத்தாளன் ஆனது அப்படித்தான். வாய் அவனுடையது. கை என்னுடையது. எழுத்துப்பிழை திருத்தம் சாந்தி.

நவம்பர் மழையோடு அவனுக்கு மூச்சு முட்ட ஆரம்பித்தது. மண் தூசி நெஞ்சில் இறங்கியிருக்கிறது என்றார் டாக்டர். பனி வந்ததும் பேச்சே பாதிதான் வந்தது. வேலைக்கு வருவதை நிறுத்திக்கொண்டான். திருப்பூரில் பனியன் கம்பெனியில் இருக்கும் மகன் வந்து, “போதும்ப்பா, கெளம்புங்க” என்றான். கிறிஸ்துமஸுக்கு மறுநாள் பஸ். வாடகை வீட்டையும் விடுவதாகச் சொல்லியாயிற்று. இனிமேல் திரும்பி வருவதற்கில்லை.

அப்போது ஒருநாள் கேட்டான்.

“மச்சான், புக்குல எம்பேரு வருமா?”

“ஒனக்குன்னு தனிப் பக்கமே இருக்குது.”

“தனிப் பக்கமா? இன்னா போட்டிருக்க?”

“வந்தப்பறம் பாரு.”

பிறகு சொன்னான்.

“பையன் கேக்குறான் மச்சான், இத்தினி வருசமா அங்க இன்னாப்பா பண்ணன்னு. ஃபியூஸ் கட்டையக் காட்டுனா சிரிக்கிறான். இதக் காட்டிடுறேன்.”

நான் சொன்னது பொய் இல்லை. பக்கம் இருந்தது. கடைசிப் பக்கம். நான் எழுதி, சாந்தி பிழை பார்த்தது. மூன்றே வரி.

‘இந்தக் கதைகளில் பாதிக்கு மேல் அந்தோணி சொன்னவை. என்னோடு சூளை பார்த்தவன். அவன் பேசாமல் இருந்திருந்தால் நான் எழுதியிருக்க மாட்டேன்.’

இன்னும் பார்க்காத அந்தப் பக்கத்தைப் பற்றி அவன் மாதா கோவிலில் சொன்னான். நாராயணன் கடையில் சொன்னான். மகனுக்குப் போன் போட்டுச் சொன்னான்.

டிசம்பர் தொடக்கத்தில் கோபால் கூப்பிட்டு அனுப்பினார்.

“அண்ணே, ஒரு பக்கம் கூடிப் போச்சி.”

பதினாறு பக்கம் சேர்ந்தால் ஒரு ஃபாரம். ஏழு ஃபாரத்துக்கு நூற்றுப் பன்னிரண்டு பக்கம். என் புத்தகம் நூற்றுப் பதிமூன்றில் நின்றது. ஒற்றைப் பக்கத்துக்காக எட்டாவது ஃபாரம் ஏற்ற முடியாது.

“எதையாவது ஒண்ண எடுக்கணும்ணே. மொதப் பக்கத்துல ஒங்க போட்டோ இருக்குது பாருங்க. அத எடுத்துடலாமா?”

அந்தப் போட்டோவைப் பற்றிச் சொல்ல வேண்டும். ஸ்டுடியோவில் எடுத்தது. கன்னத்தில் கை வைத்து, எதையோ யோசிக்கிற மாதிரி. அன்றைக்கு நான் யோசித்தது, கை வலிக்கிறதே, எப்போது எடுப்பார் என்றுதான். நீலச் சட்டை. என்னிடம் காலர் கிழியாத சட்டை இல்லையென்று ஒருவன் ஈஸ்டருக்கு எடுத்த தன் புதுச்சட்டையைக் கொடுத்தான். அந்தோணி.

கொஞ்ச நேரம் யோசித்தேன். ரொம்ப நேரமில்லை.

“கடைசிப் பக்கத்த எடுத்துடுங்க கோபாலு.”

கோபால் நிமிர்ந்து பார்த்தார். “அது நன்றிப் பக்கம்ணே.”

“ரெண்டாம் பதிப்புல போட்டுக்கலாம்.”

முதல் பதிப்பு இன்னும் அச்சேறவில்லை. அதற்குள் இரண்டாம் பதிப்பு! சொந்தமாகப் புத்தகம் போட்ட எவரையும் கேட்டுப் பாருங்கள். எல்லோரும் ஒரு தடவையாவது இதைச் சொல்லியிருப்பார்கள். எல்லாப் பாவத்தையும் அந்தப் பதிப்பில் கழுவிக்கொள்ளலாம் என்று ஒரு நினைப்பு.

இன்னொன்றும் சொல்லிவிடுகிறேன். முன்னுரைக்குக் கீழே பாதிப் பக்கம் சும்மாதான் கிடந்தது. மூன்று வரி அங்கேயே உட்கார்ந்திருக்கும். ஒன்றையும் எடுக்க வேண்டியதே இல்லை. அது எனக்கு எப்போது தோன்றியது? எல்லாம் முடிந்த பிறகு.

மார்கழி பிறந்தது. மணிமுத்தாற்றுப் பாலத்தில் எதிரே வருகிறவர் தெரியாத பனி. எழுதுகிறவர்கள் பனியை ரசிப்பார்கள். புத்தகம் பைண்டிங் செய்கிறவரைக் கேட்டால் வேறு மாதிரி சொல்வார். அட்டைக்கு உள்ளே தடவிய கம் மூன்று நாளாகியும் காயவில்லை.

“தொட்டா வழுக்குதுண்ணே” என்றார் கோபால். “பொங்கல் கழிச்சி வச்சிக்கலாமே விழாவ?”

முடியுமா? அந்தோணிக்குப் பஸ் காத்திருக்கிறது. முப்பது புத்தகத்தை மட்டும் வாங்கிச் சைக்கிளில் கட்டிக்கொண்டு ஷெட்டுக்கு வந்தேன்.

அணைத்து ஒரு நாள் ஆன சூளை. அதன் தலையில் பலகை போட்டுச் சுடாத சாமான்களைக் காய வைப்பது எங்கள் வழக்கம். பலகையில் கை வைத்துப் பார்த்தேன். இதமாக இருந்தது. புத்தகங்களின் முதுகு கீழே பார்க்க அடுக்கிவிட்டு வீட்டுக்குப் போய்விட்டேன்.

இருபத்திரண்டு வருஷம் நெருப்புக்குப் பழகின கை. அதற்கு இதம் என்றால் காகிதத்துக்கு என்ன? அது எனக்குத் தோன்றவில்லை.

புதிதாக வேலைக்கு வருகிற யாருக்கும் நான் சொல்வது ஒன்றே ஒன்றுதான். பச்சை மண்ணை அவசரப்பட்டுக் காய வைக்காதே – கோணும், வெடிக்கும். அதற்கு மேல் நான் பேசியது கிடையாது. அந்த ஒன்றையும் நான் கேட்கவில்லை. அந்தோணி வேலையில் இருந்திருந்தால் பலகையில் ஏற்ற விட்டிருக்க மாட்டான்.

காலையில் போய்ப் பார்த்தால், முப்பதும் ஓடு மாதிரி வளைந்திருந்தன. கம் காய்ந்து அப்பளமாகி இருந்தது.

“இன்னாண்ணே, கூரைக்குப் போடற ஓட்டயெல்லாம் எடுத்தாந்து அடுக்கி வச்சிருக்க?” என்றாள் அஞ்சலை.

மத்தியானம் கூடியிருந்த எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். அந்தோணி அதே நீலச் சட்டையில் வந்திருந்தான். விழாப் பேச்சு ஒன்றும் இல்லை. முதல் பிரதியை அவன் கையில் கொடுத்தேன். நாராயணன் மட்டும் கை தட்டினார்.

அந்தோணி புத்தகத்தைத் திறந்தான். படக்.

முதுகு ஒடிந்தது. தாள் எல்லாம் பொலபொலவென்று கீழே கொட்டியது.

அவன் பதறவில்லை. உட்கார்ந்து ஒவ்வொன்றாகப் பொறுக்கினான். என் போட்டோ முதலில் கிடைத்தது. தூக்கிப் பிடித்துப் பார்த்தான்.

“சட்ட நல்லா வுழுந்துருக்குது மச்சான்.”

பக்க எண் பார்த்து வரிசையாக அடுக்கிக்கொண்டே போனான். நூற்றுப் பன்னிரண்டு வந்தது. அதற்கு மேல் இல்லை. பலகைக்கு அடியில் குனிந்து பார்த்தான். மண் மூட்டைக்குப் பின்னால் பார்த்தான். மூச்சு வாங்கியது.

“எம் பக்கத்தக் காணமே மச்சான்.”

நாயைக் காலால் நகர்த்தினான். “ஏந்திரி. எம்பேரு மேலயா படுத்துங்கெடக்குற?”

“வேற பொஸ்தகத்துல இருக்கும், பாப்போம் இருண்ணே” என்று அஞ்சலை இன்னொன்றை எடுக்கக் கை நீட்டினாள்.

அப்போதுதான் நான் பேசினேன்.

“எல்லாத்துலயும் அதான் பூடுச்சி. கடைசிப் பக்கம் ஓரத்துல இருந்துதில்ல... சூடு மொதல்ல அங்கதான் புடிச்சிது. உதுந்து, சூளை மேலயே கருகியிருக்கும்.”

அன்றைக்கு நான் பேசியதிலேயே நீளமான பேச்சு அதுதான். கோபால் கையிலிருந்த டீயையே பார்த்துக்கொண்டிருந்தார். அஞ்சலை கையை இழுத்துக்கொண்டாள்.

அந்தோணி சிரித்தான். சிரிப்பு இருமலாக மாறி, நிற்கக் கொஞ்ச நேரம் ஆனது.

“இத்தினி வருசம் சூளைக்குத் தீனி போட்டிருக்கேன். எம்பேரத் துன்னாத்தான் அதுக்கு அடங்கும் போலருக்குது.”

தாள்களைத் தட்டி ஒன்றாக்கினான். விரலில் எச்சில் தொட்டு எண்ணினான்.

“அம்பத்தாறு தாளு இருக்குது. ஒண்ணுதான கொறையுது. கெடச்சா அனுப்பு மச்சான்.”

சணல் போட்டுக் கட்டி, கக்கத்தில் வைத்துக்கொண்டான். “போயிட்டு வரேன்” என்றான். ஷெட் வாசலில் நின்று சூளையை ஒரு தடவை பார்த்தான். போய்விட்டான்.

வீட்டுக்கு நடந்து வரும்போது சாந்தி கேட்டாள்.

“ஏங்க... கடைசிப் பக்கம் ஓரங்கறதால கருகிப் பூடுச்சி. சரி. மொதப் பக்கமும் ஓரந்தான? அது எப்பிடிங்க போட்டோவோட அப்பிடியே இருந்துச்சி?”

நான் நடையை எட்டிப் போட்டேன். அவள் மறுபடி கேட்கவில்லை. கேட்டிருந்தால் தேவலை.

பொங்கலுக்கு எஸ்டேட் நாலு நாள் லீவு. லீவில் எழுதலாம் என்று வெள்ளைத்தாள் எடுத்து வைத்துக்கொண்டு உட்கார்ந்தேன். நாலு நாளும் அது வெள்ளையாகவே இருந்தது. காணும் பொங்கலன்று போன் வந்தது. திருப்பூரிலிருந்து.

“பக்கம் கெடச்சுதா மச்சான்?”

“தேடிக்கிட்டிருக்கேன்.”

“பையன் புக்கக் கெட்டியா பைண்டு போட்டுக் குடுத்துட்டான். கடைசியில ஒரு வெள்ளத்தாளு சேத்து வச்சிருக்கான். கெடச்சா ஒட்டிக்கலாம்னு.”

“சரி.”

“தேடு, தேடு. சூளை சந்துல பாரு.”

“சரி.”

இப்போது தை வெயில் வந்துவிட்டது. கோபாலிடம் மிச்சம் இருந்த புத்தகங்கள் தானாகக் காய்ந்து, முதுகு நேராக நிற்கின்றன. ஒன்றுகூட வளையவில்லை. கொஞ்சம் பொறுத்திருந்தால் போதும் என்று யாரும் எனக்குச் சொல்ல வேண்டாம். புத்தகத்தைப் பொறுத்தவரை அது சரி. எடுத்துவிட்ட பக்கத்துக்கு வெயிலும் பனியும் ஒன்றுதான்.

புத்தகம் போடப்போகிறவர்கள் யாராவது இதைப் படித்தால் ஒன்று சொல்வேன். போட்டோவை எடுத்துவிடுங்கள்.

இந்த இதழ் வெள்ளிக்கிழமை திருப்பூர் பஸ் ஸ்டாண்டு கடையில் தொங்கும். அந்தோணி வாங்குவான். தன் கதை ஏதாவது வந்திருக்கிறதா என்று வாராவாரம் வாங்குகிறான். போனில் சொல்ல எனக்கு வாய் வரவில்லை. அவனிடம் பேசியே பழக்கமில்லை, கேட்டுத்தான் பழக்கம். அதனால் எழுதுகிறேன்.

மச்சான், சூளை எதையும் தின்னவில்லை. அந்தப் பக்கம் அச்சாகவே இல்லை. போட்டோ இருக்கட்டும், அது போகட்டும் என்று எடுக்கச் சொன்னது நான். அந்த மூன்று வரியை மேலே போட்டிருக்கிறேன். கத்தரித்து உன் வெள்ளைத்தாளில் ஒட்டுவதா, வேண்டாமா என்று நீயே பார்த்துக்கொள். சந்தில் தேட ஒன்றும் இல்லை. நூற்றுப் பன்னிரண்டு பக்கத்துக்கு அன்றைக்கு நீ எண்ணியது சரிதான்.

ஐம்பத்தாறு.