யன்னல் கம்பியில் ஒரு மண்டபம்

"ரீச்சர், உங்கட வீட்டு யன்னல் சீலை என்னத்தில தொங்குது?" என்று பிரேமிளா அக்கா ஒருநாள் கேட்டார்.

வெள்ளைப் பிளாஸ்ரிக் உறை போட்ட ஸ்பிரிங் கம்பியில் என்றேன். எல்லா வீட்டிலும் அதுதானே.

கைத்தொலைபேசியை நீட்டினார். ஒரு வெள்ளைக்காரர் மேசையில் கித்தாரை வைத்துவிட்டு, ஒரு சுருள்கம்பியை இழுத்துக் காட்டி ஆங்கிலத்தில் வேகமாகக் கதைத்துக்கொண்டிருந்தார். எங்கள் கம்பியின் உள்ளே இருப்பதும் அதுபோலத்தான் என்றேன்.

"அப்ப அவர் சொல்றதைத் தமிழில சொல்லுங்கோ, நான் எழுதுறன். ஒண்டும் விடாதேங்கோ."

நான் ஒரு வசனத்தை விட்டுவிட்டேன்.

புதுக்குடியிருப்பில் நான் ஆங்கிலம் படிப்பிக்கும் ரியூசன் கொட்டிலுக்குப் பின்வீடு அவருடையது. மலையகத்திலிருந்து வன்னிக்கு வந்த குடும்பம். அக்காவுக்கு இருபத்தெட்டு வயது. பகலில் ஆடைத் தொழிற்சாலையில் தையல், பின்னேரத்தில் கித்தார். பழகியது தொலைபேசியைப் பார்த்து. கித்தார்ச் சத்தத்தைப் பெருக்க, சோறு சமைக்கும் குக்கர் அளவில் பழைய அம்ப் ஒன்று வைத்திருந்தார்.

முல்லைத்தீவில் கல்யாணங்களுக்கு வாசிக்கும் கிருசாந்தனின் இசைக்குழுவில் கித்தார் வாசித்தவர் வெளிநாடு போய்விட்டார். அந்த இடம் அக்காவுக்கு வேண்டும். வாசித்துக் காட்டப் போனார்.

"கை நல்லா ஓடுது. சத்தம்தான் அலுமாரிக்குள்ள இருந்து வாசிக்கிற மாதிரிக் கிடக்கு" என்றாராம் கிருசாந்தன். இரண்டு கிழமையில் திரும்பி வரச் சொல்லியிருந்தார்.

பெரிய மண்டபத்தில் வாசித்தால் ஒலி நின்ற பிறகும் கொஞ்சம் மிதந்துகொண்டிருக்கும். அந்த மிதப்பை உண்டாக்கும் ரிவேர்ப் கருவியை வாங்க அக்காவுக்குக் கட்டுப்படியாகாது. சுருள்கம்பி வழியே ஒலியை அனுப்பினாலும் அதே மிதப்பு வரும் என்றுதான் அந்த வெள்ளைக்காரர் காட்டினார். அதனால்தான் யன்னல் கம்பி.

பழுதான றேடியோவின் சின்ன ஒலிபெருக்கியில் கம்பியின் ஒரு முனையை ஒட்டினார். மறுமுனையில், பாட்டுப் பாடும் வாழ்த்து மட்டையிலிருந்து கழற்றிய, நடுக்கத்தை மின்சாரமாக்கும் வட்டத் தகடு. கித்தார் ஒலி கம்பி வழியே நடுங்கிப் போய், தகட்டிலிருந்து இன்னொரு ஸ்பீக்கருக்கு வரவேண்டும். எல்லாம் ஒரு சின்னப் பலகையில் பொருத்தி, ஒரு பிஸ்கட் ரின்னுக்குள்.

வந்தது, தலையணையில் தட்டுகிற சத்தம்.

ஒரு கிழமை முழுக்க ஒட்டிக் கழற்றி ஒட்டினார். எங்கே பிழை என்று தெரியவில்லை. அவருடைய அம்மா வீரம்மா, வெறும் யன்னலில் ஆணியடித்துச் சேலை ஒன்றைத் தொங்கவிட்டார். "ஏன் புள்ள, ஊரே நம்ம வீட்ட எட்டிப் பாக்குது. பாட்ட மட்டும் காணமே" என்றார்.

அன்று வீட்டில் அந்தக் காணொளியைத் திரும்பப் பார்த்தேன். கம்பியின் மேல் எதுவும் இருக்கக்கூடாது என்று அந்த மனிதர் சொல்லியிருந்தார். அது யாருக்கும் தெரிந்ததுதானே என்று நான் தாண்டிப் போயிருந்தேன். உறையோடேயே ஒட்டியிருந்தார் அக்கா. போய்ச் சொன்னேன். திட்டுவார் என்று நினைத்தேன்.

"ஒரு கிழமை போச்சு ரீச்சர்" என்றார், அவ்வளவுதான். தொழிற்சாலையில் பிழையான தையலைப் பிரிக்கும் சின்னக் கத்தியை எடுத்து, கம்பியில் ஒரு கீறலும் விழாமல் உறையை உரித்தார். மீண்டும் ஒட்டி ஒரு தந்தியை மீட்டினார். அந்தச் சின்ன அறை கோயில் மண்டபம்போல விரிந்தது. வீரம்மா என்ன சத்தம் என்று பார்க்க உள்ளே நடந்து வந்தார். ஒவ்வொரு அடிக்கும் ஸ்பீக்கரில் இடி விழுந்தது.

கம்பி தரையின் அதிர்வையும் வாங்கிக்கொண்டது. அதற்கான வழி காணொளியில் இல்லை. பாவாடைக்குத் தைக்கும் இலாஸ்ரிக்கை நாலு மூலையிலும் கட்டி, கம்பிப் பலகையை ரின்னுக்குள் தொட்டில்போலத் தொங்கவிட்டார் அக்கா. அம்மாவை நடக்கச் சொன்னார். நடந்தார். இடி இல்லை.

ஞாயிற்றுக்கிழமை ரின்னைப் பஸ்ஸில் மடியில் வைத்துக்கொண்டு முல்லைத்தீவுக்குப் போனார். வாசித்து முடித்தபின் கிருசாந்தன் மூடியைத் திறந்து பார்த்து நெடுநேரம் சிரித்தாராம். பிறகு, தண்ணீரூற்று ஊரில் வருகிற கல்யாணத்துக்கு வாசிக்க வரச் சொன்னாராம். ஒலி இன்னும் கொஞ்சம் தடிப்பாக இருந்தால் நல்லது என்றும் சொல்லியிருக்கிறார்.

அன்று பின்னேரம் அக்கா என் வகுப்பு முடியும்வரை வாசலில் நின்றார். மூன்று கம்பி போட்டால் ஒலி தடிக்கும் என்று அந்த வெள்ளைக்காரர் சொன்னதை நான் விடாமல் சொல்லியிருந்தேன்.

"ரீச்சர், உங்கட வீட்டில றோட்டுப் பக்கம் ரெண்டு யன்னல்தானே? கொஞ்ச நாளைக்குச் சீலையை ஆணியில கொழுவி வையுங்கோவன்."